வளர்ந்த மூளையில் புதிய நியூரான்: அதன் பிறப்பை எப்படிக் கண்டறிகிறார்கள்?

வளர்ந்த மனிதரின் மூளையில் சுமார் 8,600 கோடி நியூரான்கள் உள்ளன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை கருவில் இருக்கும்போதும், பிறந்த பின் முதல் ஓரிரு ஆண்டுகளிலும் உருவானவை. தோலும் குடலின் உட்சுவரும் இரத்தமும் வாழ்நாள் முழுவதும் தம் செல்களைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க, மூளை மட்டும் சிறு வயதில் கிடைத்த நியூரான்களை வைத்துக்கொண்டே எழுபது எண்பது ஆண்டுகளைக் கழிக்கிறது என்பதுதான் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் மருத்துவ மாணவர்கள் படித்த பாடம். எலி, சுண்டெலி போன்ற விலங்குகளைப் பொறுத்தவரை அந்தப் பாடம் தவறு என்பது இன்று ஐயமின்றி நிலைநாட்டப்பட்டுவிட்டது. மனிதரைப் பொறுத்தவரை வாதம் இன்னும் தொடர்கிறது.

இந்தக் கட்டுரை அந்த வாதத்தின் இரு தரப்பையும் அடுக்கிக் காட்டுவதைவிட, ஒரு நியூரான் புதிதாகப் பிறந்தது என்பதை ஆய்வாளர்கள் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதையே முதன்மையாக விளக்க முயல்கிறது. இத்துறையில் இதுவரை கிடைத்த ஒவ்வொரு விடையும், அதைத் தேடப் பயன்பட்ட முறையின் திறனையும் குறையையும் சார்ந்தே இருந்திருக்கிறது. முறையை அறியாமல் முடிவை மட்டும் படிப்பவருக்கு, ஒரு மாதம் ‘உண்டு’ என்றும் அடுத்த மாதம் ‘இல்லை’ என்றும் வரும் செய்திகள் குழப்பத்தையே தரும்.

தொடக்கத்திலேயே ஒரு வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது. புதிய மொழியையோ இசைக்கருவியையோ கற்கும்போது மூளை மாறுகிறது என்று சொல்லப்படுவது, பெரும்பாலும், ஏற்கெனவே இருக்கும் நியூரான்களுக்கு இடையிலான இணைப்புகள் வலுப்பெறுவதையும் தளர்வதையும் புதிதாக முளைப்பதையும் பற்றியது. சினாப்ஸ் எனப்படும் அந்த இணைப்புகள் எந்த வயதிலும் மாறக்கூடியவை. அதில் யாருக்கும் ஐயமில்லை. இங்கே பேசப்படுவது வேறு. முன்பு இல்லாத ஒரு முழு நியூரான் மூளையில் தோன்றி, வளர்ந்து, பழைய நியூரான்களோடு இணைந்து வேலை செய்யத் தொடங்குகிறதா என்பதே கேள்வி. முழு வளர்ச்சி பெற்ற நியூரான் இரண்டாகப் பிரிவதில்லை. ஆகவே புதிய நியூரான் வர வேண்டுமானால், இன்னும் எந்தச் செல்லாகவும் மாறி முடியாத ஒரு ஸ்டெம் செல் அங்கே இருக்க வேண்டும். அது பிரிய வேண்டும். பிரிந்து வந்த செல்களுள் சில நியூரானாக முதிர வேண்டும்.

கொறிக்கும் விலங்குகளின் மூளையில் இது நன்கு நிறுவப்பட்ட இடங்கள் இரண்டு. ஒன்று, மூளையின் உள்ளே திரவம் நிறைந்திருக்கும் பக்க அறைகளின் சுவர். அங்கே பிறக்கும் இளம் செல்கள் முன்னோக்கி நெடுந்தூரம் நகர்ந்து, மணங்களைக் கையாளும் முகர்குமிழைச் சென்றடைகின்றன. மற்றொன்று, நினைவுகள் உருவாவதற்கு இன்றியமையாத ஹிப்போகேம்பஸின் ஒரு பகுதியாகிய டென்டேட் கைரஸ். மனிதரில் முதற்பாதை குழந்தைப் பருவத்தின் தொடக்கத்திலேயே ஏறக்குறைய ஓய்ந்துவிடுவதால், இன்றைய விவாதம் முழுவதும் டென்டேட் கைரஸைச் சுற்றியே நடக்கிறது. அங்கே பிறக்கும் செல்களில் பெரும்பகுதி முதல் சில நாட்களிலும் வாரங்களிலும் இறந்துவிடுகின்றன. எஞ்சியவை கிளைகளை நீட்டி, அண்டை நியூரான்களோடு இணைந்து முதிர்வதற்குச் சுண்டெலியில் ஏறத்தாழ இரண்டு மாதங்கள் ஆகின்றன. குரங்கில் ஆறு மாதங்களுக்கும் மேலாகிறது.

இனி முறைக்கு வருவோம். மூளைத் திசுவை மெல்லிய சீவல்களாக வெட்டி நுண்ணோக்கியின் கீழ் வைத்தால் நியூரான்கள் தெரியும். ஆனால் எந்த நியூரான் முப்பது ஆண்டுக்கு முன் பிறந்தது, எது சென்ற மாதம் பிறந்தது என்பதைக் காட்டும் அடையாளம் எதுவும் அதன் தோற்றத்தில் இல்லை. ஸ்பெயின் நாட்டின் சான்டியாகோ ரமோன் இ கஹால், வெள்ளி உப்பால் சாயமேற்றும் முறையைக் கொண்டு நரம்பு மண்டலத்தின் நுண்ணமைப்பை வரைந்து காட்டியவர். அதற்காக 1906-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். வளர்ந்தவரின் நரம்பு மையங்களில் எல்லாம் அழியலாம், எதுவும் மீண்டும் பிறக்காது என்ற முடிவுக்கு அவர் வந்ததில் வியப்பில்லை. அவருடைய சாயம் செல்லின் வடிவத்தைக் காட்டியது, வயதைக் காட்டவில்லை. கஹாலின் கண் எவ்வளவு கூர்மையானதாக இருந்தாலும், அந்தச் சாயத்தால் இந்தக் கேள்விக்கு விடை கிடைத்திருக்க முடியாது.

வயதைக் காட்டும் வழி 1950-களின் இறுதியில் கிடைத்தது. ஒரு செல் பிரிவதற்கு முன் தன் டிஎன்ஏ முழுவதையும் படியெடுத்துக்கொள்கிறது. அதற்குத் தேவைப்படும் மூலப்பொருட்களுள் ஒன்று தைமிடின். சாதாரண ஹைட்ரஜனுக்குப் பதிலாகக் கதிரியக்கமுள்ள ட்ரிட்டியத்தைக் கொண்ட தைமிடினை விலங்கின் உடலில் செலுத்தினால், அந்த நேரத்தில் டிஎன்ஏவைப் படியெடுத்துக்கொண்டிருக்கும் செல்கள் மட்டும் அதை எடுத்துக்கொள்ளும். சாயமேற்றிய நூலைச் சில மணி நேரம் மட்டும் நெசவுக்கூடத்தில் கொடுத்தால், அப்போது ஓடிக்கொண்டிருக்கும் தறிகளின் துணியில் மட்டும் அந்த நிறம் ஏறும், நின்றுபோன தறிகளில் ஏறாது என்பதைப் போன்றது இது. சில வாரங்கள் கழித்து விலங்கின் மூளையைச் சீவி, புகைப்படச் சுருளில் பூசப்படும் வகையிலான ஒளியுணர் பூச்சை அதன்மேல் இட்டு, இருட்டில் வைத்திருப்பார்கள். கதிரியக்கம் உள்ள உட்கருக்களின் மேல் கரும்புள்ளிகள் விழும். புள்ளி விழுந்த செல் ஒரு நியூரானாக இருந்தால், அது ஊசி போட்ட பின் பிறந்தது என்று பொருள்.

அமெரிக்காவின் எம்ஐடியில் பணியாற்றிய ஜோசப் ஆல்ட்மன் இம்முறையைப் பயன்படுத்தி, வளர்ந்த பாலூட்டிகளின் மூளையிலும் புதிய நியூரான்கள் உருவாகக்கூடும் என்பதற்கான முதற்சான்றை 1962-இல் வெளியிட்டார். 1965-இல் அவரும் கோபால் தாஸும் எலியின் ஹிப்போகேம்பஸில் பிறப்புக்குப் பின்னும் நியூரான்கள் உருவாவதை விரிவாக ஆவணப்படுத்தினார்கள். இன்று இத்துறையின் தொடக்கமாகக் கருதப்படும் அந்தக் கட்டுரைகள் அன்று பெரும்பாலும் புறக்கணிக்கப்பட்டன. கேட்கப்பட்ட கேள்வி நியாயமானதுதான்: புள்ளி விழுந்த அந்தச் சிறு செல் நியூரான்தான் என்பதற்கு என்ன உறுதி? மூளையில் நியூரான்களுக்குத் துணையாக இருக்கும் கிளையா செல்கள் எந்த வயதிலும் பிரியக்கூடியவை. அன்றைய நுண்ணோக்கியில் இரண்டையும் பிரித்தறிவது எளிதன்று. ஆனால் ஐயத்தைத் தீர்க்க முயல்வது ஒன்று, ஐயம் இருக்கிறது என்பதற்காக விட்டுவிடுவது வேறு; பத்தாண்டுக்கும் மேலாக நடந்தது இரண்டாவதுதான் என்பதை வருத்தத்துடனேயே குறிப்பிட வேண்டியிருக்கிறது.

1977-இல் மைக்கேல் கேப்லன் எலக்ட்ரான் நுண்ணோக்கியின் உதவியுடன், புள்ளி விழுந்த செல்களில் சினாப்ஸ்கள் இருப்பதைக் காட்டினார். சினாப்ஸ்களின் அந்த அமைப்பு நியூரானுக்கே உரியது. அதுவும் போதவில்லை. 1985-இல் யேல் பல்கலைக்கழகத்தின் பாஸ்கோ ராக்கிச், ரீசஸ் குரங்குகளுக்குக் கதிரியக்கத் தைமிடினைச் செலுத்தி ஆராய்ந்து, வளர்ந்த குரங்கில் புதிய நியூரான் எதுவும் தென்படவில்லை என்று அறிவித்தார். நீண்ட காலம் வாழ்ந்து நிறையக் கற்கும் உயிரினங்களுக்கு நிலையான நியூரான் கூட்டம் தேவை, இல்லையேல் கற்றது எப்படித் தங்கும் என்பது அவருடைய வாதம். அந்தக் கேள்வியின் வலிமை இன்றும் குறையவில்லை. ஆனால் 1999-இல் அவருடைய ஆய்வகத்திலிருந்தே, புதிய குறியீட்டு முறையைக் கொண்டு, வளர்ந்த குரங்கின் ஹிப்போகேம்பஸில் நியூரான்கள் தொடர்ந்து பிறக்கின்றன என்ற கட்டுரை வெளிவந்தது. முன்பு சொன்னதை மாற்றும் சான்றைத் தானே வெளியிடுவது அறிவியலில் மதிக்கத்தக்க செயல்.

இதற்கிடையே பறவைகள் கதையின் போக்கை மாற்றியிருந்தன. நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் கேனரிப் பறவைகளின் பாட்டை ஆராய்ந்த ஃபெர்னாண்டோ நாட்டபாமும் அவருடைய குழுவினரும், வளர்ந்த கேனரியின் மூளையில் பாட்டைக் கட்டுப்படுத்தும் பகுதியில் புதிய நியூரான்கள் சேர்வதை 1983-இல் காட்டினர். மறு ஆண்டில், அந்தப் பகுதியின் தனித்தனி நியூரான்களில் நுண்மின்முனையைச் செருகி, அவை ஒலிக்கு மின்துடிப்பால் பதிலளிப்பதைப் பதிவுசெய்து, அவற்றுள் சில கதிரியக்கக் குறி பெற்றவை என்பதையும் உறுதிசெய்தனர். வேலை செய்யும் செல் என்பதற்கும் புதிய செல் என்பதற்கும் ஒரே நியூரானில் சான்று கிடைத்தபோது, அது கிளையாவாக இருக்கலாம் என்ற மறுப்புக்கு அங்கே இடமில்லாமல் போயிற்று.

கதிரியக்கத் தைமிடினின் இடத்தைப் பின்னர் புரோமோடியாக்ஸியூரிடின் என்ற வேதிப்பொருள் பிடித்தது, சுருக்கமாக பிஆர்டியு. இதுவும் தைமிடினைப் போலவே டிஎன்ஏவுக்குள் நுழைகிறது. ஆனால் கதிரியக்கத்தால் அல்லாமல், இதைத் தேடிப் பற்றும் ஆன்டிபாடி ஒன்றை ஒளிரும் சாயத்துடன் இணைத்து இதன் இருப்பிடத்தைக் காண்கிறார்கள். வாரக்கணக்கில் இருட்டில் காத்திருக்க வேண்டியதில்லை என்பது ஒரு நன்மை. அதைவிடப் பெரிய நன்மை, ஒரே சீவலில் வேறு நிறச் சாயங்களையும் சேர்த்துப் பயன்படுத்தலாம் என்பதுதான். முதிர்ந்த நியூரான்களில் மட்டும் இருக்கும் நியூ-என் என்ற புரதத்துக்கு ஒரு நிறம், பிஆர்டியுவுக்கு இன்னொரு நிறம். ஒரே உட்கருவில் இரண்டு நிறங்களும் சேர்ந்து தெரிந்தால் அது புதிதாகப் பிறந்த நியூரான். ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் இரண்டு செல்களை ஒரே செல்லாக எண்ணிவிடும் ஆபத்து உண்டு. அதனால்தான் திசுவை ஆழவாட்டில் தளம் தளமாகப் படமெடுக்கும் கன்ஃபோக்கல் நுண்ணோக்கி இங்கே கட்டாயமாயிற்று. பழுதான டிஎன்ஏவைச் செப்பனிடும் செல்லும் சிறிதளவு பிஆர்டியுவை ஏற்கலாம். இறக்கும் தறுவாயில் உள்ள நியூரான்கள் சில சமயம் பிரியாமலே டிஎன்ஏவைப் படியெடுக்கத் தொடங்கலாம். ஆகவே கவனமான ஆய்வாளர்கள் பிஆர்டியுவை மட்டும் நம்பி எதையும் முடிவுசெய்வதில்லை.

மனித மூளையில் முதல் நேரடிச் சான்று இந்தப் பொருளால்தான் கிடைத்தது. புற்றுக்கட்டியில் செல்கள் எவ்வளவு விரைவாகப் பிரிகின்றன என்பதை அறிவதற்காகச் சில நோயாளிகளுக்கு பிஆர்டியு செலுத்தப்பட்டிருந்தது. ஸ்வீடனின் பீட்டர் எரிக்சனும் அமெரிக்காவின் சால்க் நிறுவனத்தைச் சேர்ந்த ஃப்ரெட் கேஜும் அவர்களுடைய குழுவினரும், அவ்வாறு பிஆர்டியு பெற்ற ஐந்து நோயாளிகளின் மூளைத் திசுவை அவர்கள் இறந்த பின் ஆராய்ந்தார்கள். டென்டேட் கைரஸில் பிஆர்டியுவும் நியூரானுக்குரிய புரதமும் சேர்ந்த செல்கள் இருந்தன. 1998-இல் வெளிவந்த அந்த முடிவு உலகெங்கும் தலைப்புச் செய்தியானது. நோயின் கடைசிக் கட்டத்தில் இருந்தவர்களால் சாத்தியமான அறிவு இது. அவர்களை நன்றியுடன் நினைக்க வேண்டும். ஐந்து பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை என்பதையும், நலமானவருக்கு இந்தப் பொருளைச் செலுத்தி இதே சோதனையைத் திரும்பச் செய்ய வழியில்லை என்பதையும் மறந்துவிடக் கூடாது.

மனிதரில் குறியிட முடியாது என்ற இந்தத் தடையைத் தாண்ட, ஸ்டாக்ஹோமில் உள்ள கரோலின்ஸ்கா நிறுவனத்தின் யோனாஸ் ஃப்ரிசேன் குழுவினர் கண்ட வழி என்னை இன்றும் வியக்க வைக்கிறது. 1950-களின் நடுப்பகுதியிலிருந்து 1963 வரை வளிமண்டலத்தில் நடத்தப்பட்ட அணுகுண்டுச் சோதனைகளால், காற்றில் உள்ள கார்பன்-14 என்ற ஐசோடோப்பின் அளவு ஏறத்தாழ இரு மடங்காக உயர்ந்தது. 1963-இல் கையெழுத்தான பகுதித் தடை ஒப்பந்தத்துக்குப் பின், கடலும் தாவரங்களும் அதை ஈர்த்துக்கொண்டதால், அந்த அளவு ஆண்டுதோறும் சீராகக் குறைந்துகொண்டே வந்தது. தாவரங்கள் காற்றிலிருந்து கார்பனை எடுக்கின்றன. நாம் தாவரங்களையும் அவற்றை உண்ட விலங்குகளையும் உண்கிறோம். ஆகவே ஒரு செல் கடைசியாகப் பிரிந்தபோது அதன் டிஎன்ஏவில் சேர்ந்த கார்பன்-14இன் விகிதம், அந்த ஆண்டின் காற்றில் இருந்த விகிதத்தையே ஒத்திருக்கும். அதன்பின் டிஎன்ஏவின் கார்பன் பெரிதாக மாறுவதில்லை. செல்லுக்குள் பிறந்த ஆண்டு எழுதப்பட்டிருக்கிறது என்றே சொல்லலாம்.

இறந்தவர்களின் ஹிப்போகேம்பஸிலிருந்து நியூரான்களின் உட்கருக்களை மட்டும் தனியே பிரித்து, டிஎன்ஏவை எடுத்து, அதில் உள்ள கார்பன்-14இன் விகிதத்தை அளந்து, 2013-இல் ஃப்ரிசேன் குழு தன் கணிப்பை வெளியிட்டது. அதன்படி, வளர்ந்தவரின் ஒவ்வொரு ஹிப்போகேம்பஸிலும் நாளொன்றுக்குச் சுமார் 700 புதிய நியூரான்கள் சேர்கின்றன. புதுப்பிக்கப்படும் நியூரான் கூட்டத்தில் இது ஆண்டுக்கு 1.75 விழுக்காடு. இதே முறையால் பெருமூளைப் புறணியை ஆராய்ந்தபோது, அங்குள்ள நியூரான்களின் வயது அந்த மனிதரின் வயதாகவே இருந்தது. இம்முறையின் குறை, பல இலட்சம் செல்களின் டிஎன்ஏவைச் சேர்த்தே அளக்க வேண்டியிருப்பதுதான். எந்தச் செல் புதியது என்று விரல் நீட்டிக் காட்ட இயலாது. 700 என்ற எண், அளவீட்டை ஒரு கணித மாதிரியில் பொருத்திப் பெற்ற மதிப்பீடு.

இவ்வளவுக்குப் பிறகும் 2018-இல் வழக்கு மறுபடி திறக்கப்பட்டது. கலிஃபோர்னியாவின் ஆர்ட்டுரோ ஆல்வாரெஸ்-பூய்யா ஆய்வகம், இறந்தவர்களிடமிருந்தும் வலிப்பு நோய்க்கு அறுவை செய்துகொண்டவர்களிடமிருந்தும் பெற்ற 59 திசு மாதிரிகளை ஆராய்ந்தது. இளம் நியூரான்களில் இருக்கும் டபுள்கார்டின் என்ற புரதத்தை அவர்கள் தேடினார்கள். குழந்தைகளில் ஏராளமாக இருந்த அத்தகைய செல்கள் சிறுவயதிலேயே வேகமாகக் குறைந்து, வளர்ந்தவர்களில் கண்ணுக்கே படவில்லை. ஒரு மாதத்துக்குள், கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மவுரா போல்ட்ரினி குழு, 14 முதல் 79 வயது வரையிலான 28 பேரை ஆராய்ந்து, முதுமையிலும் இளம் நியூரான்கள் ஏறக்குறைய அதே அளவில் இருக்கின்றன என்றது. இரண்டும் தேர்ந்த ஆய்வகங்கள்.

முரண்பாட்டுக்கான விளக்கங்களுள் ஒன்று மிகச் சாதாரணமானது. இறந்தவரின் மூளை கெடாமல் இருக்க, அதை ஃபார்மால்டிஹைடு போன்ற திரவத்தில் ஊறவைக்கிறார்கள். இறப்புக்கும் ஊறவைப்பதற்கும் இடையே எத்தனை மணி நேரம் கழிந்தது, எவ்வளவு காலம் ஊறியது என்பவற்றைப் பொறுத்து டபுள்கார்டின் தெரிவதும் தெரியாமல்போவதும் மாறக்கூடும். ஸ்பெயினின் மரியா யோரென்ஸ்-மார்ட்டின் குழு 2019-இல் இதைச் சோதித்துக் காட்டியது: ஒரே மனிதரின் திசுவைக் குறைந்த நேரம் ஊறவைத்தால் இளம் நியூரான்கள் தெரிந்தன, நீண்ட நேரம் ஊறவைத்தால் மறைந்தன. கவனமாகப் பதப்படுத்திய திசுக்களில், 43 முதல் 87 வயது வரையிலான நலமானவர்களில் அந்தச் செல்கள் நிறைய இருந்தன என்றும், அல்சைமர் நோயாளிகளில் அவை குறைந்திருந்தன என்றும் அக்குழு கண்டது. மறுதரப்புக்கும் வலுவான பதில் உண்டு. அறுவையில் எடுத்த திசு உடனே பதப்படுத்தப்பட்டது. அதிலும் ஏன் தெரியவில்லை? மேலும், டபுள்கார்டின் இருப்பது செல் இளமையான நிலையில் இருக்கிறது என்பதைக் காட்டுமே தவிர, அண்மையில் பிறந்தது என்பதைக் காட்டாது. குழந்தைப் பருவத்தில் பிறந்து, முதிராமலே பல ஆண்டுகள் காத்திருக்கும் நியூரான்களும் மூளையில் இருக்கக்கூடும்.

இந்தக் கடைசி வாதத்துக்கு விடை சொல்ல, முதிராத நியூரானை மட்டுமல்லாமல், அதன் தாயையே தேட வேண்டும். பிரிந்துகொண்டிருக்கும் முன்னோடிச் செல் வளர்ந்தவரின் மூளையில் இருக்கிறதா என்பதே அந்தத் தேடல். 2025-இல் ஃப்ரிசேன் குழு, பிறந்த குழந்தை முதல் 78 வயது வரையிலானவர்களின் ஹிப்போகேம்பஸ் உட்கருக்களில் எந்தெந்த ஜீன்கள் செயல்படுகின்றன என்பதை ஒவ்வோர் உட்கருவாகப் படித்தது. குழந்தைகளின் முன்னோடிச் செல்களில் காணப்பட்ட ஜீன் அமைப்பைக் கணினிக்குக் கற்பித்து, அதே அமைப்பை வளர்ந்தவர்களிடம் தேடியபோது, பிரியும் நிலையில் உள்ள செல்கள் சிலரிடம் கிடைத்தன. அவை டென்டேட் கைரஸில் இருப்பதும் திசுச் சீவல்களில் உறுதிசெய்யப்பட்டது. ஆனால் எல்லோரிடமும் அவை ஒரே அளவில் இல்லை. சிலரிடம் நிறைய இருந்தன, சிலரிடம் ஏறக்குறைய இல்லை. முன்பு நடந்த ஆய்வுகள் ஒன்றோடொன்று முரண்பட்டதற்கு மனிதருக்கு மனிதர் உள்ள இந்த வேறுபாடும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்று நான் கருதுகிறேன்.

இந்தச் செல்கள் என்ன வேலை செய்கின்றன என்பதற்கான சான்றுகள் பெரும்பாலும் சுண்டெலிகளிடமிருந்து வந்தவை. விளையாட்டுப் பொருட்களும் துணையும் நிறைந்த கூண்டில் வளரும் சுண்டெலிகளில் அதிக நியூரான்கள் சேர்வதை 1997-இலும், சுழல்சக்கரத்தில் ஓடுவது மட்டுமே செல் பிரிதலைக் கூட்டுவதை 1999-இலும் கேஜின் ஆய்வகம் காட்டியது. மன அழுத்தம் அதைக் குறைக்கிறது. ஒன்றையொன்று ஒத்த இரண்டு இடங்களையோ நிகழ்வுகளையோ தனித்தனியாக நினைவில் கொள்வதற்குப் புதிய நியூரான்கள் உதவுகின்றன என்பது பல சோதனைகளின் முடிவு. மறதிக்கும் இவற்றில் பங்குண்டு: ஒன்றைக் கற்ற பின் சுண்டெலிகளைச் சக்கரத்தில் ஓடவிட்டுப் புதிய நியூரான்களைப் பெருக்கினால், கற்றதை அவை மறக்கத் தலைப்படுகின்றன என்று டொரண்டோவின் ஆய்வாளர்கள் 2014-இல் காட்டினர். ராக்கிச் எழுப்பிய கேள்வி வேறொரு வடிவில் இங்கே திரும்பி வருவதைக் கவனியுங்கள். புதியவை இணைப்புச் சுற்றுக்குள் நுழையும்போது பழைய இணைப்புகள் குலைவது இயல்பே.

ஆகவே, ஓர் உணவோ பயிற்சியோ மாத்திரையோ ‘மூளைச் செல்களை வளர்க்கும்’ என்ற விளம்பரத்தைக் காணும்போது, அந்தச் சான்று எந்த உயிரினத்திலிருந்து வந்தது என்றும், எந்தக் குறியைக் கொண்டு எண்ணினார்கள் என்றும் கேட்பது பொருத்தம். உயிரோடிருக்கும் மனிதரின் மூளையில் புதிய நியூரான்களை நேரடியாக எண்ணும் ஸ்கேன் எதுவும் இன்று இல்லை. இங்கே சொன்ன மனித ஆய்வுகள் எல்லாம் இறந்தவர்களோ அறுவை சிகிச்சை பெற்றவர்களோ கொடுத்த திசுவையே நம்பியவை. ஓடுவது உடலுக்கும் மனத்துக்கும் நல்லது என்பதற்கு வேறு பல உறுதியான காரணங்கள் உள்ளன. ஆனால் ஓடும் மனிதரின் டென்டேட் கைரஸில் எத்தனை நியூரான்கள் கூடின என்பதை இன்றைய எந்த முறையாலும் அவர் வாழும்போதே சொல்ல முடியாது.